உடனடிக் காரணம்

ஆரஞ்சு நிறக் கோட்டுகள் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியபோது அழகர்சாமிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சாலை போடுகிறவர்கள் வெயிலில் மாட்டிக்கொண்டு நிற்பார்களே, அதே கையில்லாத கோட்டு. முன்னும் பின்னும் வெள்ளியாய் மின்னும் பட்டை. லைனுக்கு ஒன்று என்று கணக்கு.

உத்தனப்பள்ளி சாலையில் இருந்த அந்த ஆலை வண்டிகளுக்கான ஒயர்க் கட்டுகளைச் செய்து கொடுத்தது. மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும் பலகைகளின் முன்னால் பெண்கள் வரிசையாக நின்று, சிவப்பும் பச்சையும் கறுப்புமான ஒயர்களை ஆணிகளுக்கு நடுவே வளைத்துப் பூட்டுவார்கள். ஒருத்தி கழிப்பறைக்குப் போனால் பக்கத்தில் நிற்பவள் இரண்டு ஆள் வேலையைச் செய்யவேண்டும். இரண்டு பேர் சேர்ந்து போனால் பலகை தடுமாறும். புதிதாக வந்த ஆலை மேலாளர் அதற்குக் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கோட்டு. கழிப்பறைக்குப் போகிறவர் அதை மாட்டிக்கொண்டு போகவேண்டும். திரும்பி வந்து கொக்கியில் தொங்கவிட்ட பிறகுதான் அடுத்தவர் எடுக்கலாம். மாடியில் இருந்த கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால், யார் எங்கே எவ்வளவு நேரம் என்பது ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரியும்.

"நீங்க ஹிஸ்டரிதானே?" என்று மேலாளர் கேட்டார்.

அழகர்சாமி வரலாற்றில் முதுகலை. உசிலம்பட்டியிலிருந்து கிளம்பி, கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராக அலைந்து, ஓசூரில் ஒரு டியூஷன் சென்டரில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்து, கடைசியில் இந்த ஆலையின் மனிதவளப் பிரிவில் ஒதுங்கியவன். வேலூர்ப் புரட்சிக்கான காரணங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். நீண்டகாலக் காரணங்கள் இன்னவை, உடனடிக் காரணம் இது. புதிய தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், காதணி கூடாது, நெற்றிக்குறி கூடாது, தாடி மழிக்கவேண்டும். பிள்ளைகள் இதை ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு, ஒரு பேரரசு ஒரு தொப்பியில் தடுக்கி விழுந்தது அவனுக்கு வாய்ப்பாடு போல ஆகிவிட்டிருந்தது.

அன்றைக்கு மேலாளரின் குளிர்ந்த அறையில் அது நினைவுக்கு வந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஆலையில் அதுவரை யாரும் அவனிடம் வரலாற்றைப் பற்றிக் கேட்டதில்லை.

"வேலூர்ல வெள்ளைக்காரன் தொப்பியைக் கொண்டுவந்தது தப்பில்ல சார். கொண்டுவந்த விதம்தான் தப்பு. மாட்ட மாட்டேன்னவன சாட்டையால அடிச்சான். அப்படிச் செய்யாம, எல்லாரும் மதிக்கிற ஒருத்தர முதல்ல தானா மாட்ட வச்சிருந்தா, மத்தவங்க தானா மாட்டியிருப்பாங்க."

மேலாளர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இந்த லைன்ல அப்படி யாரு?"

மூன்றாவது லைனில் ரஹமத் பீவி.

நாற்பது வயதைத் தாண்டியவர். கிருஷ்ணகிரியிலிருந்து ஆலைப் பேருந்தில் வருகிறவர். லைனில் மற்றவர்கள் எல்லாம் இருபதுகளில் இருக்கும் பெண்கள். சாமல்பட்டியிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த சுப்ரியா, தளியிலிருந்து அவரைக்காயோடு வரும், கன்னடம் பேசும் கெம்பம்மா, விருதுநகர்ப் பக்கத்துப் பெண்கள். யாருக்குத் தலைவலி என்றாலும், யார் வீட்டில் மாப்பிள்ளை பார்த்தாலும் பீவிம்மாவிடம்தான் முதலில் சொல்வார்கள். அவர் கணவர் ஷௌகத் அலி பழைய அட்டைப்பெட்டி வியாபாரம் செய்தார். அவருக்குக் குடலிறக்கம் வந்து அறுவைச் சிகிச்சை செய்யவேண்டியிருந்தபோது இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அவரோடு காலையிலிருந்து உட்கார்ந்து காரியத்தை முடித்துக் கொடுத்தவன் அழகர்சாமி. அதற்குப் பிறகு ரம்ஜானுக்கு அவன் அறைக்கு ஒரு தூக்குவாளி பிரியாணி வராமல் போனதில்லை.

அவன் லைனுக்குப் போய் அவரிடம் பேசினான். கோட்டு என்ன என்று விளக்கினான். பத்திரத்துக்காக என்றான்; தீப்பிடித்தால் யார் வெளியே இருக்கிறார்கள் என்று தெரியும் என்றான். அது அவனாகச் சேர்த்துக்கொண்ட காரணம்.

ரஹமத் பீவி கோட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "இத எல்லாரும் ஒண்ணயே மாட்டணுமா சார்?"

"ஆமாம்மா."

"தொவைப்பாங்களா?"

"அதெல்லாம் பாத்துக்கிருவம்."

அவர் கையிலிருந்த ஒயரை ஆணிக்கு நடுவே பூட்டினார். "நீங்க சொல்றீங்க. உங்க பேச்ச தட்டுவனா சார், மாட்டிக்கிறேன். இந்தப் பசங்களுக்கும் நானே சொல்லிக்கிறேன்."

திங்கட்கிழமை தேநீர் இடைவேளைக்கு முன்னால் அவர்தான் முதலில் அந்தக் கோட்டைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு, லைன் முழுக்கப் பார்க்க நடந்து போய்த் திரும்பி வந்தார். கண்ணாடி அறையில் மேலாளர் அழகர்சாமியின் தோளில் தட்டினார்.

முதல் நாள் கேலியாகத்தான் இருந்தது.

"பீவிம்மா, சூளகிரி பாலம் எப்ப முடியுது?" என்றாள் சுப்ரியா.

"ஏண்டி?"

"இல்ல, ரோடு வேலைக்குப் போயிட்டு வர்றீங்களே, கேட்டு வச்சிக்கலாம்னு."

எல்லோரும் சிரித்தார்கள். ரஹமத் பீவியும் சிரித்தார். "உனக்கும் வேல இருக்குது கண்ணு, நாளைக்கு நீ தார் ஊத்து" என்றார்.

பீவிம்மாவே மாட்டிக்கொண்ட பிறகு மற்றவர்களால் மறுக்க முடியவில்லை. மாட்டினார்கள். அழகர்சாமி சொன்னது அப்படியே நடந்தது. அதே வாரத்தில் மற்ற லைன்களிலும் கோட்டு தொங்கியது.

கோடை அது. கூரைத் தகடு மதியத்தில் கொதிக்கும். சாப்பாட்டு நேரத்துக்குள் அந்தக் கோட்டு ஒரு லைன் முழுவதின் வியர்வையையும் குடித்துக் கனத்துப்போகும். அதைத் துவைப்பது யார் வேலை என்று எங்கும் எழுதப்படவில்லை. ஒரு நாள் அதன் பின்பக்கம் கறை இருந்தது. யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்தது, ஏனென்றால் யார் எப்போது மாட்டினார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் அன்று முழுவதும் தலை நிமிரவில்லை. கண்ணாடி அறையிலிருந்து, அதிக நேரம் எடுத்தவர்களின் பெயரை லைன் மேற்பார்வையாளர் கங்கப்பனுக்குப் போனில் சொன்னார்கள். அவர் அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்.

அதன் பிறகு கேலி வேறு மாதிரி ஆனது. சிரிப்பு அதில் இல்லை.

"ஆபீஸ்ல கேட்டாங்களாம், இவங்க மொத ஆளா தலைய நீட்டுனாங்களாம்."

"வீட்டுக்காரருக்கு ஆப்பரேசன் பண்ணிக் குடுத்தாங்கல்ல. சும்மாவா பண்ணுவாங்க."

இதெல்லாம் அவர் காதில் விழும்படியாகவே பேசப்பட்டது. கெம்பம்மாவின் அவரைக்காய் அவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போனது. பேருந்தில் அவர் பக்கத்து இருக்கை காலியாக வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சுக்கு யாரும் வரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, ரஹமத் பீவி தன் துணிப்பையைப் பக்கத்து இடத்தில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார். யாருக்கோ இடம் பிடித்து வைத்திருப்பது போல.

அந்தப் பையை அழகர்சாமி பார்த்தான். அதிகாரிகளின் சாப்பாட்டு அறை மாடியில். அங்கே போகிற படிக்கட்டு அந்தக் கூடத்தின் வழியாகத்தான் ஏறும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் அந்தப் பெஞ்சைக் கடந்து போனான். நின்று, "இவங்கள மாட்டச் சொன்னது நான்தான்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. இன்றைக்கு வேண்டாம், இன்னும் நாலு நாளில் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டு படியேறினான். அவர் நிமிர்ந்து பார்த்தால் தலையசைத்தான்.

படித்தது ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேலூரிலும் அந்தத் தலைப்பாகையை முதலில் மாட்டிக்கொண்ட சுபேதார்கள் இருந்தார்கள். அவர்களைத் தம் ஆட்களே ஏசினார்கள், உறவினர்கள் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள் என்று எங்கோ படித்திருந்தான். தேர்வில் அதைக் கேட்பதில்லை. அதனால் அவன் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தந்ததும் இல்லை.

ரஹமத் பீவி தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார். காலையில் கொண்டுவரும் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பிப் போனது. அவருக்குச் சர்க்கரை இருந்தது. அதுவும் அழகர்சாமிக்குத் தெரியும். மாத்திரைச் சீட்டுக்குக் கையெழுத்து வாங்கித் தந்தவனே அவன்தான். கோட்டைப் பற்றி அவரிடம் பேசப் போன அன்று அது நினைவுக்கு வரவில்லை என்று அவன் தன்னிடமே சொல்லிப் பார்த்தான். நினைவுக்கு வந்திருந்தது.

ஒரு நாள் பகலில் அவன் கண்ணாடி அறையில் நின்றிருந்தான். மேலாளர் போனில் இருந்தார். மூன்றாவது லைனின் கொக்கி காலியாக இருந்தது, யாரோ போயிருந்தார்கள். ரஹமத் பீவி கங்கப்பனிடம் ஏதோ கேட்டார். கங்கப்பன் கொக்கியைக் காட்டினார். "கோட்டு வரலியேம்மா, ஸ்வல்ப இரு" என்றுதான் சொல்லியிருப்பார். அவர் திரும்பி வந்து பலகையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை கொக்கி. அதன் பிறகு அவர் கேட்கவில்லை. ஒயரைப் பூட்டிக்கொண்டிருந்த கை நின்றது. தலை குனிந்தது. புடவையின் கீழ்ப்பகுதி நிறம் மாறியதையும், சிமெண்டுத் தரையில் ஒரு கோடு மெல்ல நகர்ந்ததையும் மேலேயிருந்து அவன் பார்த்தான்.

பக்கத்துப் பலகையில் சுப்ரியா நின்றாள். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு கீழே வைத்திருந்த தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, ரஹமத் பீவியின் காலடியில் முழுவதையும் கவிழ்த்தாள்.

"ஐயையோ, கொட்டிட்டேன் பீவிம்மா, உங்க சேல பூரா நனைஞ்சிடுச்சு" என்று அவள் சொன்ன சத்தம் அடுத்த லைன் வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்போதுதான் கழிப்பறையிலிருந்து கோட்டோடு திரும்பி வந்த கெம்பம்மா நடைபாதையிலேயே நின்றாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோட்டைக் கழற்றி நனைந்த தரையில் போட்டாள். தன் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தாள். அவளுக்கு அடுத்தவள் கவிழ்த்தாள். லைன் நெடுக, ஒருவரும் பேசாமல், பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் கொட்டியது. எது எந்தத் தண்ணீர் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பலகை நின்றது. ரஹமத் பீவியை நடுவில் விட்டு, சுற்றிலும் நெருக்கமாக அவர்கள் எல்லோரும் கழிப்பறைக்கு நடந்தார்கள். ஒருத்தி உடம்பிலும் கோட்டு இல்லை. மற்ற லைன்களும் அதைப் பார்த்து வேலையை விட்டன. மாலை வரை ஆலை ஓடவில்லை. ஆரஞ்சுக் கோட்டுகள் எல்லாம் வாயிற்கதவுக்குப் பக்கத்தில் குவியலாகக் கிடந்தன.

"நாசவேலை" என்றார் மேலாளர். "கரண்ட் ஓடுற இடத்துல தண்ணி ஊத்தியிருக்கா. கேமரால தெளிவா இருக்கு, மொதல்ல அந்தப் பொண்ணுதான்."

காரணங்களை விசாரித்து அறிக்கை தரும் பொறுப்பு அழகர்சாமிக்கு வந்தது. வரலாறு படித்தவன் அல்லவா.

சுப்ரியாவைக் கூப்பிட்டான். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஏன் தண்ணி ஊத்தின?"

"கை தவறுச்சு சார்."

கெம்பம்மா வந்தாள். "கை தவறோய்த்து சார்."

"உனக்கு அப்புறம் எல்லாருக்குமா கை தவறுச்சு?"

"எல்லாருக்கும் வேர்வ சார். கை வழுக்குது. ஃபேன் போடச் சொல்லுங்க."

ஒருத்தியாவது வேறு சொல் சொல்வாள் என்று பார்த்தான். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் சுப்ரியாவின் வேலை பிழைக்கலாம். ஆனால் ரஹமத் பீவி பிறகு அந்த ஆலைக்குள் எப்படி நடப்பார்? அத்தனை நாள் அவரோடு பேசாமல் இருந்தவர்கள் இப்போது அவருக்காக வாயைப் பூட்டிக்கொண்டார்கள். என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியும் என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. கேமராவில் தெரிந்தது வெறும் தண்ணீர்தான்.

கடைசியாக ரஹமத் பீவி வந்தார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"நான் சொல்லிடறேன் சார். அந்தப் பொண்ணு வேல போவக் கூடாது. அது சம்பளத்துலதான் அதுங்க தம்பி படிக்குது."

"வேணாம்மா. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் பாத்தேன்."

அவர் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அப்ப நீங்க என்னான்னு எழுதுவீங்க?"

அவன் மேசை மேல் இருந்த தாளைத் திருப்பி வைத்தான்.

"உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன் சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. "இந்தப் பசங்க என்கிட்ட மூஞ்சி குடுக்காத இருந்தாங்கல்ல. தெனமும் தட்ட எடுத்துக்கினு அந்தப் பக்கமாத்தான் போனீங்க. ஒரு வார்த்த நீங்க சொல்லியிருந்தா அதுங்க கேட்டிருக்கும். நானா சொன்னா உங்க பேரு கெட்டுடும்னு வாய மூடிக்கினு இருந்தேன். நீங்க ஏன் சார் இருந்தீங்க?"

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. லைனில் வேலை இருந்தது.

அன்று மாலையே அவன் அறிக்கையை எழுதினான். தாளில் 'காரணங்கள்' என்று எழுதியதும் கை பழக்கத்தில் நீண்டகாலக் காரணங்கள், உடனடிக் காரணம் என்று பிரித்தது. கோட்டு, வெயில், பெயர் வாசித்தது எல்லாவற்றையும் எழுதினான். ரஹமத் பீவியின் பெயரைத் தொடவில்லை. தண்ணீர் கொட்டியது கோட்டு முறைக்கு எதிர்ப்பு, அதற்குத் தனி ஒருவர் பொறுப்பல்ல என்று எழுதினான். உடனடிக் காரணம் என்ற இடத்தில், இந்த முறையைத் தந்திரமாகப் புகுத்தும் யோசனையைத் தந்ததும், பொய்யான காரணம் சொல்லித் தொழிலாளர்களை இணங்க வைத்ததும் தானே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். எழுதி முடித்தபோது, பல நாள் கழித்து, கொஞ்சம் மூச்சு விட முடிந்தது போல் இருந்தது.

மேலாளர் நின்றபடியே படித்தார். படித்துவிட்டு, உட்கார்ந்து, இன்னொரு முறை படித்தார்.

"அழகர்சாமி, நீங்க காரணம்னா உங்கள கேட்ட நான் காரணம். நான் காரணம்னா என்னை இங்க அனுப்பினவங்க காரணம். இது மேல போய்க்கிட்டே இருக்கும். காரணம் எப்பவும் கீழதான் போகணும். இது புரியலியா உங்களுக்கு, இவ்வளவு படிச்சு?"

புரிந்தது. வேலூரிலும் விசாரித்தார்கள். தொப்பிதான் காரணம் என்றும் எழுதினார்கள், கோட்டைக்குள் இருந்த திப்புவின் பிள்ளைகள் காரணம் என்றும் எழுதினார்கள். கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது அந்தப் பிள்ளைகள்தான்.

"அந்தப் பொண்ணு மேல எழுதச் சொன்னா எழுத மாட்டேன் சார்" என்றான். "வேற யாரையாவது வச்சு எழுதிக்கங்க. ஆனா இந்தத் தாளோட நகல் என்கிட்ட இருக்கு."

மேலாளர் மேசை நாட்காட்டியைப் பார்த்தார். ஒயர்க் கட்டுகளை வாங்குகிற கம்பெனிக்காரர்கள் அடுத்த மாதம் தணிக்கைக்கு வருவதாக இருந்தது. அவர் சிரித்துவிட்டார்.

"சரி. அந்தப் பொண்ணு இருக்கட்டும். கோட்டும் வேணாம், அது சரியா வரல. இந்தத் தாளும் வேணாம்." தாளை இரண்டாகக் கிழித்து, அதை மறுபடி இரண்டாகக் கிழித்தார். "குடிநீர்க் குழாய் கசிஞ்சுது. தரை ஈரம். பாதுகாப்புக்காக வேலைய நிறுத்தினோம். முடிஞ்சுது. நீங்களும் இருங்க. உங்க மாதிரி ஆளு வேணும்."

அழகர்சாமி வெளியே வந்தான். வேலை போகவில்லை. பேச்சு வாங்கவில்லை. சுப்ரியா தப்பித்தாள். ஆலையின் பதிவில் ஒரு குழாய் கசிந்ததைத் தவிர எதுவும் நடக்கவே இல்லை. தனக்கு விழவேண்டிய அடியை வாங்கிக்கொள்ள முதுகைக் காட்டி நின்றவனை, சட்டையைச் சரிசெய்துவிட்டு அனுப்பியது போல் இருந்தது.

மறுநாள் மதியம் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்தான். படிக்கட்டுக்குப் போகாமல் மூன்றாவது லைன் பெண்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு முன்னால் நின்றான். ரஹமத் பீவியின் பக்கத்தில் பை இல்லை. அந்த இடத்தில் சுப்ரியா உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்த மாங்காய்த் துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"ஒண்ணு சொல்லணும்" என்றான். "அந்தக் கோட்ட பீவிம்மா தானா மாட்டிக்கல. நான்தான் கேட்டுக்கிட்டேன். தீப்பிடிச்சா நல்லதுன்னு பொய்யும் சொன்னேன்."

சுப்ரியா மாங்காயை மென்று விழுங்கினாள். "தெரியும் சார்."

"அவங்க சொன்னாங்களா?"

"அவங்க எங்க சொல்றாங்க. இவங்களா போயி அத மாட்டற ஆளா? நாங்கதான் மொதல்லயே யோசிச்சிருக்கணும். யோசிக்காத பேசிட்டோம்." அவள் ரஹமத் பீவியைப் பார்க்காமல் சொன்னாள். "அதுக்கு அப்புறம் பாட்டில்ல இருந்ததத்தான் எங்களால குடுக்க முடிஞ்சுது."

"ஊட்டா மாடு மொதல்ல, சாப்பிடு" என்று கெம்பம்மா சுப்ரியாவின் தட்டில் ஒரு கை பொரியலை வைத்தாள். பேச்சு மறுபடி தொடங்கியது. யார் வீட்டுக்கோ மாப்பிள்ளை பார்க்க வருகிறார்களாம். பையனுக்குப் பெங்களூரில் வேலையாம், முடிதான் கொஞ்சம் கம்மியாம். ஒருவர் தள்ளி உட்கார்ந்தால் பெஞ்சில் இன்னொருவருக்கு இடம் இருந்திருக்கும். யாரும் தள்ளவில்லை. வேண்டுமென்று செய்தது போலவும் தெரியவில்லை. அப்படி ஒரு எண்ணமே அவர்களுக்கு வரவில்லை.

தட்டோடு அவன் நின்றான்.

ரஹமத் பீவிதான் நிமிர்ந்து பார்த்தார். எப்போதும் யாரிடமும் கேட்கிற மாதிரியே கேட்டார். "சாப்ட்டீங்களா சார்?"

"இல்லம்மா."

"சோறு ஆறிடப் போவுது" என்றார். "மேல போயி சாப்பிடுங்க."